நாற்பது டிரம்முக்கு ஒரு குடம் குறைவு

என் சகலையின் தண்ணீர் லாரித் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: நாற்பது டிரம்முக்கு ஒரு குடம் குறைவு. டிரம் இருநூறு லிட்டர், குடம் பதினான்கு லிட்டர். ஆக ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. இதைக் கண்டுபிடிக்க நான் பெரிய படிப்பு எதுவும் படிக்கவில்லை. அந்தத் தொட்டியை வெட்டி ஒட்டிய வெல்டர் நான்தான். வேலை முடிந்த அன்று ஒரு டிரம்மை வைத்துக்கொண்டு நானும் சகலையும் ஊற்றினோம், எண்ணினோம். நாற்பதாவது டிரம்மின் அடியில் ஒரு குடம் மிஞ்சியது. அதில் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

இந்தச் சின்ன விஷயம் கொள்ளளவு நிர்ணய அலுவலகத்துக்குத் தெரியவர பத்தொன்பது நாள் ஆயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது அவர்களுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

தொட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் குறுக்களவு கொண்ட சாதாரண இரும்பு உருளை. சகலை பழைய லாரியைக் கொடுத்துவிட்டு நீளமான லாரி எடுத்தபோது, தொட்டியை நடுவில் அறுத்து அரை மீட்டர் வளையம் ஒன்றைச் சேர்த்தேன். பின்பக்கத்துத் தட்டை மூடி ஓயாமல் கசிந்தது. அதைக் கழற்றிவிட்டு லேசாகக் குவிந்த மூடி வைத்தேன். அடியில் பம்பு மோட்டார் பெட்டிக்கு இடம் போதவில்லை; அந்த இடத்தில் தொட்டியின் வயிற்றை வெட்டி உள்ளே தள்ளி அடைத்தேன். ஆள் வளர்ந்தது, பின்புறம் புடைத்தது, வயிறு மட்டும் உள்வாங்கியது. அந்தக் கடைசி ஒன்றைத் தவிர மற்றபடி அது எங்கள் இருவரையும் போலத்தான் இருந்தது.

அந்த வருஷம் வறட்சி. மேட்டுத்தெருவுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. அறுபத்திரண்டு வீட்டுக்கும் வறட்சிக்கால அனுமதியில் ஓடிய சகலையின் லாரிதான் கதி. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. கடைசி வீட்டில் ஒரு பெண், இரட்டைப் பிள்ளைகள் பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் பேச்சில் அவள் பெயர் இரட்டைக்காரி. இரண்டு பிள்ளைகளின் துணியை அலசுவதற்கே ஒரு நாளைக்கு நான்கு குடம் வேண்டும் அவளுக்கு. லாரி கொஞ்சம் தாமதமானாலும் சகலைக்கு போன் வந்துவிடும்.

அப்போதுதான் புதிய உத்தரவு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட தொட்டி எதுவும் கொள்ளளவுச் சான்று இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. சகலையின் லாரியை அன்றைக்கே பிடித்து அலுவலக முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு மேட்டுத்தெருவுக்கு நான்கு நாளைக்கு ஒரு தடவை டிராக்டர் வரும், வீட்டுக்கு இரண்டு குடம் என்றார்கள்.

கொழுந்தியாள் நேராக என் பட்டறைக்கு வந்தாள். "அத்தான், தொட்டியை வெட்டினது நீங்க. அவருக்கு ஸ்டியரிங்கைத் தவிர ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கூடப் போகணும்," என்றாள். மறுக்க முடியுமா? உள்ளே என் மனைவி வேறு கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தின் முதல் ஜன்னலில் ஒரு படிவக்காரர். படிவத்தில் 'தொட்டியின் வடிவம்' என்று போட்டு மூன்று கட்டங்கள்: உருளை, பெட்டி, கோளம். ஒன்றில் மட்டும் குறியிட வேண்டும். நான் உருளையில் குறியிட்டு நீட்டினேன்.

"மாத்தி அமைச்சதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா இது உருளை இல்ல. உருளையா இருந்தது," என்றார் அவர். "என்ன மாத்தினீங்க?"

"பின் மூடியைக் கொஞ்சம் குவிச்சு வெச்சேன் சார்."

"அப்போ கோளம்."

"கோளம் இல்ல சார். சட்டி மூடி மாதிரி லேசா..."

"சட்டின்னு கட்டம் இல்ல. வேற?"

"அடியில ஒரு பெட்டிக்காக வெட்டினேன்."

"பெட்டி. சரி. வேற?"

"நடுவுல அரை மீட்டர் வளையம் சேர்த்தேன்."

"அது?"

"அதுவும் உருளைதான் சார்."

"ஆக உருளை ரெண்டு, கோளம் ஒண்ணு, பெட்டி ஒண்ணு. நாலு படிவம் எழுதிக் குடுங்க."

"சார், மொத்தமே ஒரே தொட்டிதான்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரே தொட்டிக்கு எதுக்குய்யா நாலு படிவம் கேக்குறீங்க?"

நான்கையும் எழுதிக் கொடுத்தோம். சகலைக்கு இதில் ஒரே மகிழ்ச்சி. "நாலு தடவை எழுதியிருக்கோம் சகலை, ஒண்ணாவது பாஸாகும்," என்றான். நல்ல மனம் படைத்தவர்களுக்கு அலுவலகம் என்றால் பரீட்சை என்று ஒரு நினைப்பு.

ஐந்தாம் நாள் டேப் அதிகாரி வந்தார். இடுப்பில் டேப், கையில் வெயிலுக்குக் குடை. லாரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "தொட்டி படுத்திருக்கு."

"லாரித் தொட்டி படுத்துதான் சார் இருக்கும்."

"எங்க அட்டவணையில நீளம்னு ஒண்ணு கிடையாது. குறுக்களவு, உயரம், ரெண்டுதான். படுத்திருக்கிறதுக்கு நான் உயரம்னு என்னத்தை எழுதுறது?"

"நிமிர்த்தினா என்ன உயரம் வருமோ, அதை எழுதிக்கலாமே சார்."

சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நிமிர்த்துங்க," என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் மாட்டிக்கொண்டதற்குக் கிரேன் பிடித்தது அதுதான் முதல் தடவை. முப்பத்திரண்டு போல்ட்டைக் கழற்றினோம். அலுவலக முற்றத்தில் தொட்டியை நிமிர்த்தி வைத்தோம். ஏணி கேட்டார், கொடுத்தோம். ஏறி, டேப்பைத் தொங்கவிட்டு, நாலரை மீட்டர் என்று எழுதினார். அதைப் படுத்திருந்தபோதே நான் சொல்லியிருந்தேன்.

இறங்கி வந்தவர் காலி லாரியையும் நிற்கும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இது லாரியில இல்லையே. தரையில நிக்கிற தொட்டி கட்டடத் தொட்டி. அதுக்குச் சான்று நாங்க குடுக்கிறதில்ல. பக்கத்து பில்டிங்."

ஆக, உயரம் வேண்டுமென்றால் நிற்க வேண்டும். லாரித் தொட்டியாக இருக்க வேண்டுமென்றால் லாரியில் இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து அவர்களே ஒரு வழி கண்டார்கள். லாரியின் மேலேயே தொட்டியை நிமிர்த்தி, விழாமல் கிரேன் பிடித்துக்கொள்ள, மாடி ஜன்னலிலிருந்து தலைமை அளவையாளர் எட்டிப் பார்த்து, பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவது. அவர் வந்து எட்டிப் பார்க்க மத்தியானம் ஆனது. தெருவில் போனவர்கள் யாருக்கோ சிலை திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் கையும் தட்டினார்.

அன்றைக்கு இரட்டைக்காரியிடமிருந்து மூன்று தடவை போன். டிராக்டர் முன்னாலேயே காலியாகிவிட்டதாம், கடைசி வீடு வரை வரவே இல்லையாம். "பக்கத்து வீட்டுல ஒரு சொம்பு வாங்கிக் குழந்தைங்களைத் துடைச்சு விட்டேன்ணே," என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேராக மாடிக்குப் போனேன்; சகலையும் பின்னாலேயே வந்தான்.

தலைமை அளவையாளரின் அறையில் அழகான கண்ணாடி ஜாடி ஒன்று, அதில் லிட்டர் கோடுகள். காலியாக இருந்தது. நான் பணிவாகத்தான் ஆரம்பித்தேன். "சார், ஒரு டிரம் இருந்தா போதும். உங்க கண் முன்னாலயே ஊத்திக் காட்டுறேன். ரெண்டு மணி நேரத்துல எத்தனை லிட்டர்னு தெரிஞ்சுடும்."

அவர் கோபப்படவில்லை. நோயாளிக்கு வைத்தியர் சொல்வதைப்போலப் பொறுமையாகச் சொன்னார்.

"உக்காருங்க. ஊத்தி அளக்கிறது விவரம் தெரியாதவங்க வழக்கம். தொட்டியைப் பத்தித் தண்ணிக்கு என்ன தெரியும்? பள்ளத்தைக் கண்டா ஓடும். அதுக்குன்னு ஒரு கொள்கை உண்டா? இந்த அலுவலகம் ஆரம்பிச்சு முப்பத்திநாலு வருஷம். நாங்க குடுத்த கணக்குல ஒண்ணுகூடத் தப்புன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சதில்ல. ஏன் தெரியுமா? ஊத்திப் பார்க்கக் கூடாதுன்னு முதல் வருஷமே உத்தரவு போட்டாச்சு. இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. ஒரு டிரம்மே சரியான பதிலைச் சொல்லிடும்னு வைங்க. அப்புறம் இங்க நாப்பத்தேழு பேர் எதுக்கு?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சகலை என் சட்டையைப் பிடித்து இழுத்ததால் சொல்லவில்லை.

பதினேழாம் நாள் கணக்குக் கூட்டம். நீள மேஜை, கரும்பலகை, ஒன்பது பேர். எங்களைச் சுவர் ஓரமாக உட்காரவைத்தார்கள். டேப் அதிகாரி படிவங்களை வரிசையாக வாசிக்க, படிவக்காரர் பலகையில் எழுதினார்.

முதல் உருளை, உயரம் நாலரை மீட்டர்: ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு லிட்டர். ரொம்பச் சரி. நான்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். குவிந்த மூடி: நூற்று முப்பத்துநான்கு. அதுவும் சரிதான், இவர்களைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டாவது உருளை, அதாவது அரை மீட்டர் வளையம்: எண்ணூற்று எண்பத்துநான்கு. இங்கே எழுந்தேன்.

"சார், அந்த நாலரை மீட்டர்லயே வளையமும் அடங்கிடுச்சு. திரும்ப எண்ணக் கூடாது."

"வளையத்துக்குத் தனியாப் படிவம் குடுத்தது யாரு?" என்றார் தலைமை அளவையாளர்.

"நான்தான் சார். ஆனா..."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அடுத்தது."

அடுத்தது பெட்டி. எண்பது சென்டிமீட்டர், அறுபது, ஐம்பது: இருநூற்று நாற்பது லிட்டர். அதற்கு முன்னால் படிவக்காரர் அழகாக ஒரு கூட்டல் குறி போட்டார். நான் மறுபடி எழுந்தேன்.

"சார், அது வெட்டி எடுத்த இடம். அங்க தண்ணி நிக்காது, மோட்டார்தான் நிக்கும். அந்தப் பெட்டியில பாதிதான் தொட்டிக்குள்ள போகுது. ஒரு நூறு லிட்டர் கழிக்கணும் சார்."

சாப்பிடும் இடத்தில் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொன்னதுபோல ஒன்பது பேரும் மேஜையைப் பார்த்தார்கள். தலைமை அளவையாளர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்த அலுவலகத்துக்குக் கூட்டல் அதிகாரம் மட்டும்தான் உண்டு. கழித்தல் மேலிடத்துல. எழுதினா ஏழு மாசம் ஆகும்."

"கழிக்கிறதுக்கு எதுக்கு சார் மேலிடம்?"

"முன்னாடி இங்க கழிக்கலாம்னு இருந்தது. ஒருத்தர் வந்தார். முதல்ல தொட்டியில கழிச்சார். அப்புறம் செலவுல கழிச்சார். கடைசியில ஆளுங்கள்ல ஆரம்பிச்சார். அதோட அந்த அதிகாரத்தை எடுத்துட்டாங்க. அவரையும் எடுத்துட்டாங்க. அது ஒண்ணுதான் இங்க கடைசியா நடந்த கழித்தல்."

ஒன்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். பலகையில் கூட்டுத்தொகை விழுந்தது: ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பத்து.

"ஆயிரத்து இருநூத்து இருபத்துநாலு லிட்டர் அதிகம் சார்," என்றேன்.

"அதிகமாத்தானே வந்திருக்கு? சந்தோஷப்படுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை என் தொடையைக் கிள்ளினான். அவன் கண் கலங்கியிருந்தது. "விடுங்க சகலை. ஒன்பதோ தொண்ணூறோ, எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். நாளைக்கு லாரி மேட்டுத்தெரு ஏறணும். ஏழு மாசம் அந்தப் பொண்ணு எங்க போவா?" என்றான். உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளில் முத்திரையோடு சான்று கைக்கு வந்தது.

சான்று வந்தால் போதாதாம். ஒவ்வொரு நிரப்பையும் டேப் அதிகாரி கூட நின்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். நிரப்பு நிலையத்தில் பம்பு மீட்டர் சான்றில் உள்ள எண்ணுக்குத்தான் நிற்கும். முன்னால் நிறுத்தினால் பம்புக்காரர் வேலை போய்விடும். நான் லாரி மேல் ஏறி மேல்மூடியருகே உட்கார்ந்துகொண்டேன். மீட்டர் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறைத் தொட்டதும் தண்ணீர் விளிம்புக்கு வந்தது. ஒரு சொட்டு முன்னே பின்னே இல்லை. எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது.

அடுத்த நொடி வழிய ஆரம்பித்தது. தொட்டியின் இரண்டு பக்கமும் வழிந்து, சக்கரத்தில் விழுந்து, சாக்கடையைப் பார்த்து ஓடியது. டேப் அதிகாரி செருப்பு நனையக் குதித்து நகர்ந்து, குடையை விரித்துக்கொண்டார்.

"என்ன இது?"

"தொட்டி நிறைஞ்சிடுச்சு சார். வழியுது."

அவர் மீட்டரைப் பார்த்தார், சான்றைப் பார்த்தார். "நிறையல. இன்னும் ஆயிரத்துச் சொச்சம் லிட்டருக்கு இடம் இருக்கு."

"வழியிறது உங்க செருப்பு மேலயே விழுதே சார்."

"சான்று பெற்ற தொட்டி வழியாது." அவர் பதிவேட்டைப் புரட்டினார். "இங்க 'வெளியே காணப்பட்ட நீர்'னு ஒரு கட்டம் இருக்கு. காரணம் ரெண்டுதான் போடலாம். ஒண்ணு கசிவு. இல்லன்னா மழை. எது?"

கசிவு என்று சொன்னால் தொட்டியைப் பட்டறைக்கு அனுப்புவார்கள். பழுது பார்த்த தொட்டி மாற்றியமைக்கப்பட்ட தொட்டி ஆகிவிடும். மறுபடி முதல் ஜன்னல், மறுபடி கிரேன். அதோடு, என் வெல்டிங் கசிகிறது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாக நான் ஒட்டிய எதுவும் கசிந்ததில்லை. கீழே சகலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், கையைக் கூப்பியபடி.

தலைக்கு மேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை.

"மழை சார்," என்றேன்.

"லேசாவா, பலமாவா?"

"பலமா சார்."

எழுதிக்கொண்டார். ஆயிரத்து இருநூற்று இருபத்துநான்கு லிட்டரும் ஓடித் தீரும்வரை குடைக்குள் நின்றிருந்தார்.

லாரி மேட்டுத்தெரு ஏறியபோது அறுபத்திரண்டு வீட்டு வாசலிலும் ஆட்கள். இரட்டைக்காரி வாசலுக்கு வந்து சிரித்தாள். ஆறு குடம் பிடித்தாள். பொய் சொன்னதற்கு எனக்கு வருத்தமே இல்லை என்று அப்போது தோன்றியது. அன்று மாலையும் நிரப்பினோம், அப்போதும் மழை. மறுநாள் இரண்டு மழை. அதற்கு மறுநாளும் இரண்டு. மூன்று நாளில் ஆறு பலத்த மழை பெய்தது. கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

நான்காம் நாள் காலை தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பும்போது டேப் அதிகாரி எங்களிடம் ஓர் உத்தரவை நீட்டினார். அவர் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்தவரின் களிப்பு. கடந்த மூன்று நாட்களில் இந்தப் பகுதியில் ஆறு முறை பலத்த மழை பெய்ததாக அலுவலகப் பதிவேட்டால் உறுதியாகியிருப்பதால், வறட்சி நீங்கியதாக அறிவிக்கப்படுகிறது. வறட்சிக்கால லாரி அனுமதி இன்றோடு முடிகிறது. டிராக்டரும் நிறுத்தப்படுகிறது. ஒத்துழைத்த லாரி உரிமையாளருக்கும் வெல்டருக்கும் நன்றி.

"இப்போ நிரப்பினதையாவது கொண்டுபோய் ஊத்திட்டு வர்றோமே சார்," என்றான் சகலை.

"அனுமதி இல்லாத வண்டி தெருவுல இறங்கக் கூடாது. உங்களுக்குத்தான் தெரியுமே," என்று சொல்லி அவர் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

விஷயம் கேட்டு நிரப்பு நிலையத்துக்கே ஓடி வந்த கொழுந்தியாள் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தாள். "யார் அத்தான் மழைன்னு சொன்னது?" என்று கேட்டாள். என் வாயை நானே வெல்டிங் வைத்து அடைத்திருக்கலாம்.

சகலையின் போன் அடித்தது. மேட்டுத்தெரு எண். அவன் எடுக்கவில்லை, என் கையில் கொடுத்துவிட்டு லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். இரட்டைக்காரிதான். பின்னால் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எங்களுக்கும் லெட்டர் குடுத்துட்டுப் போனாங்க. பலமா மழை பேஞ்சுதாமே? நான் வீட்டுக்குள்ளயே கெடக்கேன், ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம்ணே பேஞ்சுது? சொன்னீங்கன்னா, இதுங்களைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடி வந்துடுவேன்."

அவள் கேலி செய்யவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டேதான் பேசினாள். அது சுவரில் இடிக்கும் சத்தம் போனில் கேட்டது.